மாஸ்டர், அவரைத் திருப்பி அனுப்பாதீர்கள்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஜிம் நடத்தும் மாஸ்டர்களுக்கும், பாக்ஸிங் சொல்லித்தரும் வாத்தியார்களுக்கும்,



இதயத் துடிப்பு தாறுமாறாகி, ஸ்டான்லியிலோ ஜி.எச்.சிலோ ஈ.எஸ்.ஐ.யிலோ வைத்தியம் பார்த்துக்கொண்டு வீடு திரும்பியவர், சில வாரம் கழித்து உங்கள் வாசலில் வந்து நிற்கிறார். கையில் டிஸ்சார்ஜ் சம்மரி. அதன் கடைசியில், மாத்திரைப் பட்டியலுக்குக் கீழே, உடற்பயிற்சி செய்யலாம் என்று ஒரே ஒரு வரி. எவ்வளவு, எதில் தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அந்த வரியில் இருக்காது. ஓ.பி.யில் பின்னால் நீண்ட வரிசை நிற்கும்போது டாக்டரிடம் உட்கார்ந்து கேட்டு முடிக்கவும் முடியாது. பெரிய தனியார் மருத்துவமனைகளில் இதற்கென்றே கார்டியாக் ரீஹாப் என்று தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். ஈசிஜி ஒயரை மாட்டிவிட்டு ட்ரெட்மில்லில் நடக்க வைப்பார்கள். துறைமுகத்தில் காண்டிராக்டில் வேலை பார்ப்பவருக்கும் காசிமேட்டில் லோடு இறக்குபவருக்கும் அது எட்டாது. நம் வட்டாரத்துக்கு ரீஹாப் என்றால் நீங்கள்தான். அதனால்தான் இந்த மடலை டாக்டர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நானும் அப்படி வந்து நின்றவன். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர் சொன்னார்கள். இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். நாடியைப் பிடித்தால் ஒரு தாளமும் இருக்காது. தொடை இடுக்கில் ஊசிக் குழாய் நுழைத்து, உள்ளே கோளாறு கிளம்பும் இடத்தைச் சுட்டு அடைத்தார்கள். அப்லேஷன் என்பது அதுதான். ஆறிய பிறகு டாக்டர் சொன்னபடி ஜிம் தேடி வந்தேன். முதலில் போன இடத்தில் நோட்டில் பெயர் எழுதிப் பணமும் வாங்கிவிட்டார்கள். நான் விஷயத்தைச் சொன்னதும் மாஸ்டர் முகம் மாறிவிட்டது. “ஹார்ட் கேஸா? வேணாம்ணே, நமக்கு எதுக்கு ரிஸ்க்கு” என்று பணத்தைத் திருப்பிக் கையில் வைத்தார். இரண்டாவது இடத்தில் நேர் எதிர். “அதெல்லாம் மனசு சார். முன்ன எவ்ளோ போட்டீங்க?” என்று கேட்டு, அதே பிளேட்டுகளை அன்றைக்கே கம்பியில் மாட்டினார். இருவருமே தங்கமான மனிதர்கள். முதல் மாஸ்டர் டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார். ஆனால் இருவர் செய்ததும் தப்பு.

திருப்பி அனுப்பும் மாஸ்டர்களின் பயம் எனக்குப் புரிகிறது. 2021 அக்டோபர் 29 அன்று கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் இறந்தார். காலையில் உடற்பயிற்சி செய்தவர், நெஞ்சு வலி வந்து சில மணி நேரத்தில் போய்விட்டார். பெங்களூரு ஜெயதேவா மருத்துவமனையில் பரிசோதனைக்குக் கூட்டம் அலைமோதியது. அதற்குப் பிறகு ஜிம் என்றாலே வீட்டில் பெண்கள் கலங்குகிறார்கள், ஜிம்காரர்களான நீங்களும் கலங்குகிறீர்கள். ஆனால் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். அவருக்கு வந்ததாகச் சொல்லப்பட்டது மாரடைப்பு, ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது. உங்கள் வாசலில் நிற்பவருக்கு வந்தது துடிப்பை நடத்தும் மின்சாரத்தில் கோளாறு. அதைவிட முக்கியம், இவர் தன் நோய் என்னவென்று தெரிந்து, ஈசிஜியும் எக்கோவும் எடுத்து, மருந்தும் சாப்பிட்டு வருகிறவர். உங்கள் ஜிம்மில் இப்போது மூச்சைப் பிடித்துக் கம்பி தூக்கிக்கொண்டிருக்கும் நாற்பது வயதுக்காரர்களில் எத்தனை பேர் ஒருமுறையாவது பிரஷர் பார்த்திருப்பார்கள்? பயப்பட வேண்டுமானால் அவர்களைப் பார்த்துப் பயப்படுங்கள்.

நீங்கள் திருப்பி அனுப்பினால் அவர் எங்கே போவார்? வீட்டுக்கு. வீட்டில் மனைவி படியேற விட மாட்டார், மகன் தண்ணீர்க் குடத்தைத் தொட விட மாட்டான். ஆறு மாதத்தில் எடை ஏறும், பிரஷர் ஏறும், சர்க்கரை ஏறும். துடிப்புக் கோளாறைத் திரும்பக் கூப்பிடுவது இவைதான். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் பிரசாந்தன் சாண்டர்ஸ் குழுவினர் இதைப் பல வருடம் ஆராய்ந்தவர்கள். 2015இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் உடல் பருமனோடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் உள்ள 355 பேர் இருந்தார்கள். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைத்து அதை அப்படியே வைத்துக்கொண்டவர்களுக்கு, நோய் திரும்பாமல் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. அதே ஊரில் 120 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வாரத்துக்கு 210 நிமிடம் வரை கொண்டுபோனார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், கோளாறு திரும்பாமல் இருந்தவர்கள் பயிற்சி எடுத்த பக்கம் நூற்றுக்கு நாற்பது பேர், எடுக்காத பக்கம் இருபது பேர். இரட்டிப்பு. இப்படி ஒரு மாத்திரை கண்டுபிடித்திருந்தால் அதற்கு என்ன விலை வைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அது உங்கள் கையில் இருக்கிறது.

இனி இரண்டாவது ரக மாஸ்டர்களுக்கு.

‘சார்பட்டா பரம்பரை’ படம் பார்க்காதவர்கள் உங்களில் யாரும் இருக்க மாட்டீர்கள். குடித்துக் குடித்து உடம்பு போன கபிலன், பீடி ராயப்பனிடம் போய்க் கடற்கரையில் பயிற்சி எடுத்து, ஒரு பாட்டு முடிவதற்குள் மறுபடி ரிங்குக்குத் தயாராகிவிடுவான். எனக்கும் அந்தக் காட்சி பிடிக்கும். ஆனால் நம் வட்டாரத்தில் பலர் மனதில் ‘திரும்பி வருவது’ என்றால் அந்தப் பாட்டுதான் ஓடுகிறது. வாத்தியார் மனதிலும் ஓடுகிறது, வந்தவர் மனதிலும் ஓடுகிறது. மூன்று மாதம் படுத்த ஆளிடம் பழைய எடையைக் காட்டினால் அவர் மறுக்க மாட்டார். பக்கத்தில் பையன்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் அல்லவா? மறுக்க வேண்டியது நீங்கள்.

அப்லேஷன் செய்தவருக்கு உள்ளே சுட்ட இடம் தழும்பாகி ஆறப் பல வாரம் ஆகும். முதல் இரண்டு மூன்று மாதத்தில் துடிப்பு அவ்வப்போது தடுமாறுவது சகஜம். அதை வைத்தே சிகிச்சை தோற்றது என்று டாக்டர்கள் முடிவு செய்வதில்லை. ஆனால் அந்தக் காலத்தில் உடம்பைப் போட்டு வதைக்கவும் கூடாது. தொடை இடுக்கில் குழாய் போட்ட ரத்தக்குழாய் வேறு இருக்கிறது. முதல் ஒரு வாரமாவது எடை தூக்கக் கூடாது என்றுதான் பொதுவாகச் சொல்லி அனுப்புவார்கள். சிலருக்கு அதற்கு மேலும். பேஸ்மேக்கர் வைத்தவர் என்றால், அந்தப் பக்கத்துக் கையை நாலிலிருந்து ஆறு வாரம் தோளுக்கு மேல் தூக்கவிடாதீர்கள்; உள்ளே பதித்த ஒயர் இடம் மாறிவிடும். புல்-அப்ஸ் கம்பியை அவர் ஏக்கத்தோடு பார்ப்பார், விட்டுவிடாதீர்கள். யாருக்கு எந்தத் தேதியில் கம்பி தொட அனுமதி என்பதைச் சொல்ல வேண்டியவர் அவருடைய டாக்டர். “மாஸ்டர் கேட்கச் சொன்னார்” என்று எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள். எந்த டாக்டரும் தப்பாக நினைக்க மாட்டார்.

மாத்திரை விஷயம்தான் எனக்குப் பெரிய கவலை. நம் பையன்கள் இப்போது கையில் வாட்ச் கட்டிக்கொண்டு, 220இல் வயதைக் கழித்து, அந்த நம்பரைத் தொடும் வரை ஓடுகிறார்கள். துடிப்புக் கோளாறுக்கு மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்தக் கணக்கு உதவாது. மாத்திரையே துடிப்பைப் பிடித்து இழுத்து வைத்திருக்கும். வாட்ச் 100 காட்டும். ஆள் உள்ளுக்குள் எல்லையில் நிற்பார். “இன்னும் ஹார்ட் ரேட்டே ஏறலையே, தம் கட்டுங்க” என்று நீங்கள் விரட்டினால் விபரீதம். துடிப்பு ஒழுங்கில்லாமல் இருக்கும்போது வாட்ச்சின் எண்ணையே நம்ப முடியாது. வாட்ச்சைக் கழற்றச் சொல்லிவிட்டு அவரிடம் பேச்சுக் கொடுங்கள். ட்ரெட்மில்லில் நடந்துகொண்டே நேற்றைய மேட்ச்சைப் பற்றி முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? சரி, போகட்டும். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்குகிறதா? வேகத்தைக் குறையுங்கள். உலகம் முழுவதும் இதய நோயாளிகளுக்குச் சொல்லித்தரும் சோதனை இதுதான், காசு செலவில்லை. ஆரம்பத்திலும் முடிவிலும் பத்து நிமிடம் மெதுநடை கட்டாயம். வேகத்திலிருந்து சட்டென்று நிறுத்தி உட்கார வைத்தால் ரத்தம் காலில் தேங்கி, தலை சுற்றும். எடையும் பிறகு வரலாம், தப்பில்லை. ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கித் தூக்கும் அளவுக்கு வேண்டாம். தூக்கும்போது மூச்சு வெளியே போக வேண்டும். இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாக்ஸிங் வாத்தியார்கள் இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள். இந்த நோய் உள்ளவர்களில் பலர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார்கள். மேல் அறை நடுங்கும்போது அங்கே ரத்தம் தேங்கிக் கட்டியாகி, மூளைக்குப் போனால் பக்கவாதம். அதைத் தடுக்கத்தான் அந்த மாத்திரை. நம் வட்டாரத்தில் இந்த நோய்க்கு இன்னொரு பழைய காரணமும் உண்டு. நெருக்கமான வீடுகளில், சிறுவயதில் தொண்டைப் புண்ணோடு வந்துபோன காய்ச்சல், ருமாட்டிக் காய்ச்சலாக மாறி இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கும். முப்பது வயதில் மூச்சு வாங்கும்போதுதான் தெரியவரும். அப்படி வால்வு சுருங்கி, துடிப்பும் தவறியவர்களுக்குப் புதிய மாத்திரைகளைவிடப் பழைய வார்ஃபரின் வகைதான் நல்லது என்று 2022இல் வந்த இன்விக்டஸ் ஆய்வு காட்டியது. மாதாமாதம் பிடி-ஐஎன்ஆர் என்று ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் இவர்கள்தான். இப்படி மாத்திரை சாப்பிடுபவரை ஸ்பாரிங்கில் இறக்காதீர்கள். தலையில் விழும் ஒரு குத்து மண்டைக்குள் ரத்தக் கசிவாகிவிடும். ஹெட்கார்டு போட்டாலும் அது நிற்காது. பேக் அடிக்கட்டும், ஷேடோ செய்யட்டும், ஸ்கிப்பிங் ஆடட்டும், பையன்களுக்குப் பேட் பிடிக்கட்டும். பரம்பரையில் வந்த ஆளிடம் ரிங்குக்குள் இறங்காதே என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். டாக்டர் சொன்னால் முறைப்பார், மனைவி சொன்னால் கத்துவார். வாத்தியார் சொன்னால் தலைகுனிந்து கேட்டுக்கொள்வார்.

உங்கள் கவுன்டரில் இருக்கும் டப்பாக்களையும் ஒருமுறை பாருங்கள். பிரீ-ஒர்க்அவுட் பவுடர்களில் காஃபின் அள்ளிப் போட்டிருப்பார்கள். துடிப்பு தவறிய ஆளுக்கு அது வேண்டாம். தசை பிடித்தால் டைக்ளோஃபினாக், இபுப்ரூஃபன் என்று கையில் கிடைத்ததை நீட்டும் பழக்கமும் நம்மிடம் உண்டு. ரத்தம் உறையாத மாத்திரையோடு அது சேர்ந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசியும். ஸ்டீராய்டு ஊசியைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. யார் போடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமை குவார்ட்டரைப் பற்றியும் கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் வழக்கமாகக் குடிக்கும், இதே நோயுள்ள 140 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2020இல் வெளியானது. குடியை விடச் சொன்ன பக்கம் நூற்றுக்கு 53 பேருக்கு நோய் திரும்பியது. பழையபடி குடித்த பக்கம் 73 பேருக்கு. “வாரம் பூரா ஒர்க்அவுட் பண்றேன் மாஸ்டர், ஒரு நாள்தானே” என்று சிரிப்பவரிடம் இந்த இரண்டு எண்ணையும் சொல்லுங்கள்.

அளவு மீறினாலும் ஆபத்து. ஸ்வீடனில் வாசாலோப்பெட் என்று 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டி வருடாவருடம் நடக்கிறது. அதில் கலந்துகொண்ட 52,000க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, அதிக முறை கலந்துகொண்டவர்களுக்கும் வேகமாக முடித்தவர்களுக்கும்தான் துடிப்புக் கோளாறு கூடுதலாக வந்திருந்தது. நம் ஊரில் பனி இல்லை, ஐஸ் பெட்டி இருக்கிறது. விடியற்காலை இரண்டு மணிக்குக் காசிமேட்டில் மீன் ஏலத்துக்கு முன் பெட்டி இறக்கத் தொடங்குபவர், பத்து மணிக்குள் ஒரு நாள் பயிற்சியை முடித்துவிட்டார். அவர் சாயங்காலம் உங்களிடம் வந்தால், அவர் உடம்பு ஏற்கெனவே என்ன வேலை பார்த்தது என்று கேட்காமல் லெக் டே கொடுக்காதீர்கள். அவருக்கு வேண்டியது தூக்கமும் மெதுநடையும் மூட்டுகளை நீட்டி மடக்குவதும்தான். உட்கார்ந்து கிரேன் ஓட்டுபவர் கணக்கு வேறு. அசோக் லேலண்டில் ஷிப்டு மாறிமாறிப் பார்ப்பவர் கணக்கு வேறு. நைட் ஷிப்டு முடித்துத் தூங்காமல் நேராக ஜிம்முக்கு வருபவரை வீட்டுக்கு அனுப்புங்கள். அந்த ஒரு திருப்பி அனுப்பலுக்கு என் ஆதரவு உண்டு.

இடத்தையும் நேரத்தையும் பற்றி உங்களோடு சண்டை போட எனக்கு ஆசைதான். மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு மூலையில் ஒரே ஒரு ஃபேன், மே மாதம் மாலை ஐந்து மணிக்கே கம்பியைத் தொட்டால் சுடும். வியர்வையில் உப்பும் பொட்டாசியமும் போனால் துடிப்பு தடுமாறும். அவருக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்லி நினைவுபடுத்துங்கள்; இதயம் பலவீனமாகித் தண்ணீருக்கே அளவு சொல்லப்பட்டவர் என்றால் அந்த அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே நடக்கலாம் என்றால் எண்ணூர் விரைவு சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்று புகை விடுகின்றன. 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடியதை எண்ணூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காற்றில் நுண்துகள் கூடும் நாட்களில் துடிப்புக் கோளாறும் கூடுவதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அதே வருடம் நவம்பரில் அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று எட்டு கிலோமீட்டர் நடைபாதைத் திட்டம் தொடங்கியது. சென்னைக்கு அது அமைந்தது பெசன்ட் நகரில். நம் ஆள் நடக்க வேண்டுமானால் பெசன்ட் நகருக்கு பஸ் பிடிக்க வேண்டும்! அது வேறு மடல், வேறு முகவரி. இப்போதைக்கு ராபின்சன் பூங்காவும் தேரடிப் பக்கத்து மாட வீதிகளும் விடிகாலையில் போதும். காற்றில் நெடி அடிக்கும் நாளில் வெளியே அனுப்பாமல் உங்கள் கூடத்துக்குள்ளேயே நடக்க விடுங்கள்.

கடைசியாக, எதைக் கண்டால் நிறுத்த வேண்டும் என்பது. நெஞ்சு வலி, தலைசுற்றல், கண் இருட்டல், வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்பு, உட்கார்ந்தும் அடங்காத படபடப்பு: இதில் எது வந்தாலும் அன்றைய பயிற்சி முடிந்தது, டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த நாள். நெஞ்சு வலி ஓய்ந்து உட்கார்ந்தும் நிற்கவில்லை என்றாலோ, பயிற்சிக்கு நடுவில் மயங்கி விழுந்தாலோ, வாய் கோணினாலோ, ஒரு பக்கம் கை துவண்டாலோ உடனே 108. சோடா வாங்கிக் கொடுப்பது, ஆட்டோவில் ஏற்றி வீட்டில் விடுவது எல்லாம் வேண்டாம்.

விழுந்தவர் கூப்பிட்டால் அசையவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால், ஆம்புலன்ஸ் வரும் வரை உங்கள் கைதான் அவர் இதயம். நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஐந்து சென்டிமீட்டர் இறங்கும்படி, நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது தடவை அழுத்த வேண்டும். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் மைதானத்திலேயே சாய்ந்ததை வியாசர்பாடி ஃபுட்பால் பையன்கள் டிவியில் நேரலையாகப் பார்த்தவர்கள். நின்றுபோன இதயத்தை அங்கேயே அழுத்தி, ஷாக் கொடுத்துத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். துடிப்பு தவறினால் உள்ளிருந்தே ஷாக் கொடுக்கும் ஐசிடி கருவியை நெஞ்சில் பதித்துக்கொண்டு, டாக்டர்களின் அனுமதியோடு அடுத்த பிப்ரவரியில் பிரென்ட்ஃபோர்டு கிளப்புக்கு ஆடினார். 2024 யூரோவில் ஸ்லோவேனியாவுக்கு எதிராக கோல் அடித்தார். அவரைச் சுற்றி அழுத்தத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். உங்கள் கூடத்தில் யாருக்குத் தெரியும்? நூறு கிலோ தூக்கும் தோள்கள் இத்தனை இருக்கும் இடத்தில் ஒருவருக்கும் தெரியாது என்றால் அது நியாயமே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சியை நிறுத்திவிட்டு, தெரிந்த நர்சையோ 108 ஊழியரையோ கூப்பிட்டு எல்லாருக்கும் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். நாலைந்து ஜிம் சேர்ந்து காசு போட்டால் ஷாக் கருவி ஒன்றும் வாங்கலாம். ஒரு தெருவுக்கு ஒன்று போதும்.

இதற்கெல்லாம் முன்னால் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் அட்மிஷன் நோட்டில் பெயர், வயது, போன் நம்பருக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து இரண்டு கட்டம் கூடுதலாகப் போடுங்கள். இதயத்துக்கு வைத்தியம் பார்த்தது உண்டா? இப்போது சாப்பிடும் மாத்திரை என்ன? பதிலைக் கேட்டு ஆளை வெளியே அனுப்புவதற்காக இந்தக் கட்டங்கள் வேண்டாம். மறைக்காமல் சொன்னவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் டாக்டரின் சீட்டை வாங்கிப் படித்து, பத்து நிமிட நடையில் தொடங்கி வைப்பதற்காகப் போடுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவர் கூடத்தில் இப்போது நடந்துகொண்டிருப்பவன்,
திருவொற்றியூர்